நண்டின் மேல் போட்ட பழி

எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடித் தம்ளர் விழுந்து உடைந்தால், யார் கை பட்டது என்று யாராவது கேட்பதற்கு முன்னால் நான் "கிராப்!" என்று கத்திவிடுவேன். கிராப் என்றால் நண்டு, அது உங்களுக்குத் தெரியும். சமையலறையில் ஏது நண்டு என்று மருமகள் வந்த புதிதில் மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள். இப்போது பழகிவிட்டாள். பேரப்பிள்ளைகள் எனக்கு முன்னாலேயே கத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எல்லாரும் எல்லார் முகத்தையும் பார்த்து ஆள் தேடுகிற அந்த ஒரு நிமிஷம் என் வீட்டில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை கோவில் மண்டபத்தில் கூடும் நாம் ஆளுக்கொரு பழைய கதையைத் தமிழில் எழுதி வர வேண்டும் என்று முடிவு செய்தோமே, இது என்னுடையது. பிள்ளைகள் யாரும் இதைப் படிக்கப் போவதில்லை என்பது எனக்கு வசதி. நீங்கள் படிப்பீர்கள். உங்களில் சிலருக்கு என் அக்காவைத் தெரிந்திருக்கும். அவளைப் பற்றி அப்போது என்ன பேசினார்கள் என்பதும் உங்கள் வீட்டுக்கு எட்டியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தீவின் கிழக்கே, ஃப்ளாக் பக்கம், ஆறு கடலில் விழுகிற இடத்தில் இருந்தது. அப்பா சின்னப் பயிர்க்காரர். கொஞ்சம் கரும்பு, வரப்போரம் மரவள்ளி, வீட்டுக்குப் பின்னால் கத்திரியும் மிளகாயும். எங்கள் தீவில் ஜனவரிதான் கோடை, அப்போது வெட்ட ஒன்றும் இருக்காது. கரும்பு தலைக்கு மேல் நின்று இராப்பகலாக இரைந்துகொண்டிருக்கும், ஆண்கள் வேலையில்லாமல் வாசலுக்கும் கடைக்கும் நடந்துகொண்டிருப்பார்கள். அந்த வருஷம் புயல் வேறு வரும் வரும் என்று சொல்லி வராமலே இழுத்தடித்தது. அப்பா கூரையைக் கயிறு போட்டுக் கட்டுவார், இரண்டு நாள் கழித்து அவிழ்ப்பார், மறுபடி கட்டுவார். கோழிகளை வீட்டுக்குள் விட்டோம், வெளியே விரட்டினோம். சாயங்காலமானால் வானம் செம்புப் பாத்திரத்தின் அடி மாதிரி சிவக்கும். பவளப்பாறையில் அலை உடைகிற சத்தம் ஒரு நாள் கிட்டே கேட்கும், ஒரு நாள் கேட்காது. கேட்காத நாளில்தான் அம்மா அதிகம் பயந்தாள்.

அக்காவுக்குக் காய்ச்சல் வந்ததும் அந்தக் கோடையில்தான். அவளுக்குப் பதினாறு வயது, எனக்கு அதில் பாதி. குளிர் வந்து அவள் நடுங்கும்போது கட்டில் கால் தரையில் தட்டுகிற சத்தம் அடுத்த அறையில் எனக்குக் கேட்கும். கொய்னா மருந்தின் கசப்பு அவள் மூச்சிலேயே இருந்தது. கண் மஞ்சளானது, சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. ஒரு நாள் அப்பா முருகன் படத்துக்கு முன்னால் நின்று, இவள் எழுந்து நடந்தால் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன் என்று சத்தமாக வேண்டிக்கொண்டார். அக்கா எழுந்து நடந்தாள். கொய்னாவா முருகனா என்று நான் விசாரிக்கப் போவதில்லை. இரண்டு பேருக்கும் நன்றி.

அதோடு ஒரு சம்பந்தமும் வந்தது. மாப்பிள்ளை ரோஸ் ஹில்லில் துணிக்கடையில் கணக்கெழுதுகிறவர். அவருடைய அம்மா காவடியன்று வந்து பெண்ணைப் பார்க்கிறேன், வேண்டுதலையும் சேவித்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். அக்காவுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. மாப்பிள்ளையை அவள் பார்த்ததே இல்லை. ரோஸ் ஹில் அவளுக்குப் பிடித்திருந்தது. கடைத்தெரு, கல் போட்ட சாலை, கொசுவில்லாத இராத்திரி. ஒரு பழைய பாவாடையைக் கிழித்துத் திரைச்சீலை தைக்கத் தொடங்கிவிட்டாள். எந்த ஜன்னலுக்கு என்று கேட்டேன். "அங்க போய்ப் பாத்துக்கலாம், நீ சும்மா இரு" என்றாள்.

கையில் காப்புக் கட்டிய நாளிலிருந்து அப்பா வேறு ஆளாகிவிட்டார். தரையில் படுத்தார், ஒரு வேளை சாப்பிட்டார், புகையிலையைத் தொடவில்லை. தோல் என்றால் ஆகாது. தன் இடுப்பு வாரை எடுத்து மாமரக் கிளையில் தொங்கவிட்டார். என் பள்ளிக்கூடப் பையில் தோல் வார் இருந்தது, அதுவும் மழையில் வெளியே போனது. கோவில் மேளத்தில் இருந்ததும் தோல்தானே என்று நான் கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

கோவில் ஆற்றுக்கு அந்தப் பக்கம், குடாவைத் தாண்டி ஒரு சர்க்கரைத் தோட்டத்தில் இருந்தது. எப்போதும் மரப்பாலத்தில் நடந்து போவோம். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் புயல் வராமல் மழை மட்டும் வந்து பாலத்தை அடித்துக்கொண்டு போனது. மேலே சுற்றிப் போனால் உச்சி வெயில் தாண்டிவிடும். காவடிச் செம்பில் இருக்கும் பால் அதுவரை தாங்காது. பால் திரிந்து போனால் அந்த வீட்டில் ஏதோ குறை என்பார்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் எல்லாரும் படகுக்காரரிடம் போனார்கள்.

படகுக்காரரை நாங்கள் தோந்தோன் என்றுதான் கூப்பிடுவோம், கிரியோலில் மாமா. அவர் பாட்டனார் நம் ஆட்களோடு ஒரே கப்பலில் வந்தவர்தான். நடுவில் எங்கோ வேதத்தில் சேர்ந்து குடும்பம் மாதா கோவிலுக்குப் போகத் தொடங்கியது. அவரிடம் மிச்சமிருந்த தமிழ் அவர் அம்மா திட்டிய தமிழ். இளவயதில் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இங்கிலீஷ் கப்பல் அதிகாரிகளை ஏற்றி இறக்கும் படகில் துடுப்பு வலித்திருந்தார். அப்பாவின் காய்கறியை அக்கரைக்குக் கொண்டுபோவது அவர்தான். மற்ற நாட்களில் இருவரும் ஒரே புகையிலையைக் கிள்ளிப் பகிர்ந்துகொள்வார்கள்.

அவருடைய படகுக்கு நான்கு துடுப்பு. படகு விளிம்பில் இரண்டிரண்டு மரமுளைகள் நிற்கும், துடுப்பு அவற்றுக்கு நடுவில் கிடக்கும். அது உராய்கிற இடத்தில் மாட்டுத் தோலைச் சுற்றி ஆணி அடித்து, மாட்டுக் கொழுப்புத் தடவியிருப்பார். விரதக்காரர்கள் அதைத் தொடுவதா? துடுப்பு வலிக்கப் போகிறவர்கள் அப்பாவும் இன்னும் மூன்று காவடிக்காரர்களும். வேறு ஆள் வலிக்கக் கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டார். தோந்தோன் பின்னால் நின்று படகைத் திருப்பலாம், ஏனென்றால் பாறைக்கு நடுவில் வழி அவருக்கு மட்டும்தான் தெரியும்.

முந்தின நாள் சாயங்காலம் அப்பா ஒரு குச்சியின் நுனியில் கத்தியைக் கட்டி, தோல் கையில் படாமல் ஆணிகளை நெம்பி எடுத்தார். நான்கு துடுப்பையும் மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினார். தோல் இருந்த இடத்தில், சர்க்கரை மூட்டை தைக்கிற கற்றாழை நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினார். அழகாகத்தான் இருந்தது. தோந்தோன் மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நனைஞ்சா நார் ஊதும். அப்பறம் துடுப்பு முளைக்குள்ள திரும்பாது. திரும்பலேன்னா கத்தி மாதிரி தண்ணிக்குள்ள போயிடும். மோ போஞ்ஜே, என் கடவுளே, சொன்னாக் கேளு" என்றார்.

"சாமி காரியம். சாமி பாத்துக்குவார்" என்றார் அப்பா.

"சாமி பாத்துக்குவார். துடுப்பை யாரு பாத்துக்குவா?"

அப்பா முடிச்சை இறுக்கினார்.

விடிந்ததும் கிளம்பினோம். காற்றே இல்லை, ஆனால் தண்ணீர் அமைதியாக இல்லை. ஆற்று வெள்ளம் கலங்கிய செம்மண் நிறத்தில் வந்து கடலின் பச்சையில் மோதி, இரண்டும் கலக்காமல் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. காவடிகளைச் சவுக்குக் கொப்பு மாதிரி நடுவில் கட்டி நிறுத்தியிருந்தார்கள். அலகு குத்துவது அக்கரையில். எங்கள் பித்தளைச் செம்பு அக்காவின் மடியில் இருந்தது, வேண்டுதல் அவளுக்காக என்பதால். வாயில் வாழையிலை கட்டி, சாமந்தி சுற்றிய செம்பு. எதிரே மாப்பிள்ளையின் அம்மா ரோஸ் ஹில் புடவையில் உட்கார்ந்து அக்காவின் கையையும் காலையும் பார்த்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் அம்மா. காலடியில் நான்.

"அரோகரா" என்று ஒருவர் எடுக்க, மற்றவர்கள் சொல்லிக்கொண்டே இழுத்தார்கள். முதலில் நன்றாக ஓடியது. பாதி வழிக்கு முன்பே அப்பாவின் மணிக்கட்டு மாறியது. துடுப்பைத் திருப்பப் பார்க்கிறார், அது திரும்பவில்லை. கயிற்றைப் பார்த்தார். ஊறிப் பருத்து முளைகளுக்கு நடுவில் இறுகிக் கிடந்தது. நிமிர்ந்து தோந்தோனைப் பார்த்தார். தோந்தோன் ஒரு கையை உயர்த்தி மெதுவாக, மெதுவாக என்று காட்டினார். அப்பா மெதுவாகச் செய்யவில்லை. கரும்பு வெட்டுகிற கை அது, தடுத்தால் இன்னும் பலமாகப் போகும்.

இரண்டு தண்ணீரும் மோதுகிற இடத்தில் துடுப்பின் அலகு சாய்வாக உள்ளே போனது, போனது வரவில்லை. படகு முன்னால் ஓட, துடுப்பின் பிடி பின்னால் வந்து அப்பாவின் நெஞ்சில் அடித்தது. அவர் பலகையிலிருந்து மல்லாந்து விழுந்தார். பிடி அவர் தலைக்கு மேலே சுழன்று வந்து அக்காவின் மடியிலிருந்த செம்பைத் தட்டிவிட்டது.

"கிராப்!" என்று கத்தி, தோந்தோன் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். படகு பக்கவாட்டில் திரும்பி ஆடியது, பெண்கள் அலறினார்கள், படகின் அடியில் இருந்த அழுக்குத் தண்ணீரில் பால் வெள்ளையாகப் பரவி என் கால்விரலுக்கு வந்தது. தோந்தோன் அதற்குள் படகை நேராக்கிவிட்டார். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. செம்பின் வயிற்றில் ஒரு நசுங்கல். அந்தச் செம்பு பிற்பாடு எங்கே போனது என்று தெரியவில்லை, அந்த நசுங்கலை மட்டும் என் கட்டைவிரல் மறக்கவில்லை.

எல்லாரும் எல்லார் முகத்தையும் பார்த்தார்கள். பிறகு ஒரே முகத்தைப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா எங்கள் அம்மா பக்கம் சாய்ந்து, எல்லாருக்கும் கேட்கிற இரகசியமாகக் கேட்டார். "பொண்ணு சுத்தமா இருக்காளா?"

"இருக்கேன்" என்றாள் அக்கா.

"உன்னைக் கேக்கல."

அம்மா வாயைத் திறந்து மூடினாள். உறுதியாகச் சொல்லிப் பிறகு வேறாகிவிட்டால் என்ன செய்வது என்று பயந்திருப்பாள். பாவம், அவளும் பயத்தில் வளர்ந்தவள்தானே. ஆனால் அந்த ஒரு நொடி தாமதம் போதுமாக இருந்தது.

கரையில் இறங்கியதும் பூசாரிக்கு விஷயம் போனது. தோந்தோன் துடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதைப் பாரு சாமி, கயித்தைப் பாரு. இதுதான் மாட்டிக்கிச்சு. பொண்ணு என்ன பண்ணும்?"

"மாடு தின்கிறவன் சுத்தம் பேச வந்துட்டான். சாமி பால் கொட்டுது, நீ சிரிக்கிற" என்றார் பூசாரி. சந்தேகம் உள்ளவர்கள் வெளியிலேயே இருக்கட்டும் என்று பொதுவாகச் சொன்னார், அக்காவைப் பார்க்காமலே.

அப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டு அங்கேதான் நின்றார். கயிற்றைச் சுற்றியவர் அவர். எச்சரிக்கை கேட்டவர் அவர். பாதி வழியில் ஊறிய நாரை நேரில் பார்த்தவரும் அவர். எல்லாரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "வேற பால் யாருகிட்டயாவது வாங்கிக்கலாம்" என்றார். நாக்கில் அலகு குத்தியிருந்ததால்தான் அப்பா அன்றைக்குப் பேசவில்லை என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அலகு குத்தியது அதற்குப் பிறகு. நடுவில் நிறைய நேரம் இருந்தது. கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை, மன்னியுங்கள்.

காவடிகள் மேளத்தோடு போய்விட்டன. அக்கா கரையில் ஒரு சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்தாள். நான் அவளை விட்டுப் போக மாட்டேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்தேன். கோவிலுக்குள் வர முடியாத இன்னொருவர் தோந்தோன், அவரும் எட்டி உட்கார்ந்தார். அக்கா அழவில்லை. சவுக்கு ஊசிகளை ஒவ்வொன்றாகக் கணு கணுவாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து தண்ணீர் வரை நடந்தாள், திரும்பி வந்தாள், மறுபடி நடந்தாள்.

"ஏன் சிரிச்சீங்க?" என்று கடைசியில் கேட்டாள்.

தோந்தோன் தொப்பியைக் கழற்றினார். "பழக்கம், பொண்ணே. துறைமுகத்துல துடுப்பு உள்ள மாட்டிக்கிட்டா இங்கிலீஷ்காரன் நண்டு பிடிச்சிட்டான்னுதான் கத்துவான். அடியில ஒரு பெரிய நண்டு கவ்விக்கிட்டு விட மாட்டேங்குதாம். கத்தினதும் எல்லாரும் சிரிக்கணும். அது வழக்கம்."

"நிஜமா நண்டு இருக்குமா?" என்றேன் நான்.

"ஒரு நண்டும் கெடையாது. நான் எத்தனை வருஷம் பாத்தேன்."

"பின்ன ஏன் நண்டுன்னு சொல்றாங்க?" அக்கா நின்றுவிட்டாள்.

"யாரு முதல்ல சொன்னானோ, தெரியாது. கிழவன் ஒருத்தன் எனக்குச் சொன்னான். ஒரு படகுல ஆறு பேரு, எட்டுப் பேரு. ஒருத்தன் துடுப்பு மாட்டிக்கிச்சு. எல்லாரும் அவனை மொறைச்சா, அடுத்த இழுப்புல அவனுக்குக் கை நடுங்கும், மறுபடி மாட்டும். அதனால நண்டு மேல பழியைப் போட்டுச் சிரிச்சிடறது. நண்டு கோவிச்சுக்காது. படகு மறுபடி ஓடும்."

என் பேரன் பெரிய இங்கிலீஷ் அகராதியில் தேடிப் பார்த்துச் சொன்னான், பழைய மாலுமிகளின் கேலிப் பேச்சு என்றுதான் போட்டிருக்கிறதாம். எந்தக் கேலிக்காரன் முதலில் சொன்னான் என்று அகராதிக்கும் தெரியவில்லை. பழிக்கு ஆள் தேடாமல் இருப்பதற்குத்தான் என்ற பாதியை அது போடவில்லை. எனக்குத் தோந்தோனின் பாதிதான் வேண்டும்.

மற்றது நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் ரயிலுக்குப் போனார். ஜாதகம் சேரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். கிணற்றடியில் அக்கா குடத்தை வைத்தால் மற்ற குடங்கள் கொஞ்சம் நகர்ந்தன. திரைச்சீலையை அவள் பாதியிலேயே மடித்து என்னிடம் கொடுத்து, பொம்மைக்கு வைத்துக்கொள் என்றாள். புயல் மட்டும் வரவே இல்லை. வந்து கூரையைப் பிய்த்துப் போட்டிருந்தால் ஊருக்கு வேறு பேச்சு கிடைத்திருக்கும் என்று நான் தினமும் வானத்தைப் பார்த்தேன்.

காப்புக் கழற்றியபின் ஒரு சாயங்காலம் அப்பா சென்ட்ர் டி ஃப்ளாக் சந்தையிலிருந்து ஒரு துண்டு மாட்டுத் தோல் வாங்கி வந்தார். ஒரு தகரடப்பாவில் கொழுப்பும். யாரிடமும் சொல்லாமல் கரைக்குப் போனார். அக்கா அவர் பின்னாலும் நான் அக்கா பின்னாலும் போனோம். கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டு, ஒவ்வொரு துடுப்பாகத் தோலைச் சுற்றி ஆணி அடித்துக்கொண்டிருந்தார், வெறும் கையால். தோந்தோன் உதவி செய்யாமல் படகில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அப்பாவுக்கு எதிரே போய் நின்றாள்.

"உங்களுக்கு ஒரு நண்டு கிடைக்கலையாப்பா? நான்தான் கெடைச்சேனா?"

அப்பா நிமிர்ந்தார். வாயைத் திறந்தபோது நாக்கில் அலகு குத்திய இடம் சின்னக் கறுப்பாகத் தெரிந்தது. மூடிக்கொண்டு மறுபடி குனிந்தார். கடைசித் துடுப்பு மணலில் உருண்டு உருண்டு போனது, ஒரு கையால் பிடித்து மறு கையால் அடிக்க அவரால் முடியவில்லை. அக்கா முழங்கால் போட்டு உட்கார்ந்து அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் அடித்தார். கடைசி ஆணி இறங்கியபின்னும் அவள் துடுப்பை விடவில்லை. பதிலுக்குக் காத்திருந்தாள். அப்பா தோலுக்குக் கொழுப்பைத் தடவினார், டப்பாவை மூடினார், சுத்தியலை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

தோந்தோன் அவர் முதுகைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு, இந்தத் தடவை சிரிக்காமல், மெதுவாக, "கிராப்" என்றார்.

அக்கா துடுப்பை மணலில் வைத்தாள்.

"இல்ல, தோந்தோன். இது அப்பா."